ஐந்து பவுண்டு சம்பளமும் தேவனாம்பட்டினம் கோட்டையும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். இப்போது முதுநகரில் துறைமுகம் போகும் வழியில் வலை, கயிறு, படகு இன்ஜின் சாமான்கள் விற்கும் கடையும், பக்கத்திலேயே இன்ஜின் ரிப்பேர் பட்டறையும் வைத்திருக்கிறான். பதினொரு பேர் வேலை செய்யும் இடம்.

"டீச்சர், ஆளு நிக்க மாட்டேங்குறாங்க டீச்சர். ஒரே வருஷத்துல ஒம்பது பேரு போயிட்டாங்க. கல்லாவுல உக்காந்திருந்த பையன் கைய வச்சுட்டான். இப்ப மெட்ராஸ்லேருந்து ஒருத்தரு வந்து சைக்கோமெட்ரிக் டெஸ்ட்டுனு ஒண்ணு சொல்றாரு. போன்லயே நாப்பது நிமிஷம் பரீட்சையாம். யாரு நேர்மையானவன், யாரு நிலைச்சு இருப்பான்னு சொல்லிடுமாம். தலைக்கு இவ்வளவுன்னு காசு. நீங்கதான் சைக்காலஜி படிச்சவங்க. வாங்கலாமா, வேணாமா?"

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் ஒரே ஒரு தாள். ஆனாலும் மாணவன் கேட்டுவிட்டான். "ரெண்டு வாரம் டைம் குடுப்பா" என்று சொல்லி அனுப்பினேன். நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தவரை வைத்துக்கொள்வது, இந்த இரண்டும் நம் ஊருக்குப் புதிய கவலை இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் இதே கடற்கரையில் ஒரு பெரிய கம்பெனி இதே தலைவலியில் கிடந்தது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

நம்மில் பலர் சில்வர் பீச்சுக்குப் போய்க் காற்று வாங்குகிறோம். அந்தத் தேவனாம்பட்டினத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது பேரத்தின் ஒரு பகுதி. இன்றும் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தக் 'குண்டு' இந்தக் குண்டுதான்.

கோட்டையை வாங்கியபோது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். 1672-இல் சாதாரண எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர், படிப்படியாக ஏறி 1687-இல் தலைவரானார். 1692-இல் அவரைக் கம்பெனி பதவியிலிருந்து நீக்கியது. கம்பெனி வேலையில் இருந்துகொண்டே தன் சொந்த லாபத்துக்குக் காரியம் பார்த்தார் என்பது புகார். பெரும் பணத்தோடு இங்கிலாந்து போனார். 1718-இல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், புத்தகங்களும், அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்று 562 பவுண்டு வந்தது. நன்றியாக அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள். அதுதான் உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம்.

நம் ஊர்க் கோட்டையைக் கம்பெனிக்காக வாங்கியவரையே கம்பெனி நம்ப முடியவில்லை. ஏன் இப்படி ஆனது? ஆள் எடுத்த முறையைப் பாருங்கள்.

கம்பெனியின் அடிமட்ட வேலைக்கு 'ரைட்டர்' என்று பெயர். எழுத்தர். கடிதம் நகல் எடுப்பது, கணக்கு எழுதுவது, சரக்கு எண்ணுவது அவர் வேலை. வயது பதினாறு, பதினெட்டு இருக்கும். லண்டனில் உள்ள இயக்குநர்களில் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். பையன் தன் கையெழுத்தில் ஒரு மனு கொடுப்பான், கணக்கு வழக்கு படித்ததற்கு ஒரு சான்று காட்டுவான். சொந்தக்காரர்கள் பிணை எழுதித் தருவார்கள். அவ்வளவுதான் தேர்வு. இயக்குநருக்கு வேண்டப்பட்ட வீட்டுப் பையனா என்பதுதான் உண்மையான கேள்வி.

சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 5 பவுண்டு. மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! பத்துப் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்து மூத்த வணிகர் ஆனாலும் 40 பவுண்டுதான். இதில் யாரும் வாழ முடியாது என்று கம்பெனிக்கும் தெரியும். அதனால் ஆசியாவுக்குள் சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. கம்பெனிக்காகத் துணி கொள்முதல் செய்பவரே தனக்காகவும் துணி வாங்கி விற்பார். தரம் பார்ப்பவரும் அவர், விலை பேசுபவரும் அவர், கணக்கு எழுதுபவரும் அவர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்து, பூனைக்குச் சோறும் போடாமல் விட்டால் என்ன நடக்கும்? எத்தனை பிணைப்பத்திரம் எழுதி வாங்கினாலும் அதுதான் நடந்தது.

இப்படி வந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் ராபர்ட் கிளைவ். 1725-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றியும் அடங்காத பையன். தொல்லை தாங்காமல் அப்பா பிடித்து எழுத்தர் வேலைக்கு அனுப்பிவிட்டார். 1744-இல் சென்னை வந்து சேர்ந்தபோது வயது 18. மேஜை வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. மனம் சோர்ந்து கிடந்தார்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடத்தில் தப்பித் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு ஓடி வந்தார். அதற்குப் பிறகு 1752 வரை கம்பெனிக்குச் சென்னை மாகாணத்தின் தலைமையிடமே நம் ஊர்தான். இங்கேதான் அவர் பேனாவை வைத்துவிட்டு, 1747-இல் படையில் சேர்ந்தார். 1748-இல் இங்கு வந்த மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அவரைக் கவனித்து வளர்த்தார். 1751-இல் ஆற்காட்டு முற்றுகை. 1756-இல் அதே செயின்ட் டேவிட் கோட்டைக்குக் கவர்னராகத் திரும்பி வந்தார்.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி கேட்பேன். அந்தப் பையனுக்கு அன்று ஒரு சோதனை வைத்திருந்தால் என்ன வந்திருக்கும்? எழுத்தர் வேலைக்குத் தகுதியில்லை என்று வந்திருக்கும். அது சரியான பதில்தான். எந்த வேலைக்குத் தகுதி என்பதைப் பிரெஞ்சுப் படையெடுப்பு ஒன்று தற்செயலாகக் காட்டியது. ஆனால் திறமை தெரிந்ததே தவிர, குணத்தை யாரும் பார்க்கவில்லை. 1757-இல் பிளாசிப் போர் முடிந்ததும் வங்காளப் புது நவாபிடமிருந்து அவர் தனக்கென்று பெற்றது 2,34,000 பவுண்டு. அது தவிர வருஷம் 27,000 பவுண்டு வரும் ஜாகீர் ஒன்று பின்னால் வந்தது. 5 பவுண்டுக்கு எடுத்த எழுத்தர்! பின்னாளில் 1765-இல் அவரே வங்காள கவர்னராகி, ஊழியர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியது இன்னொரு வேடிக்கை. 1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தபோது, இப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோட்டை என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று பார்க்க அதிகம் மிச்சமில்லை.

அந்தக் காலத்தில் பக்கத்துப் புதுச்சேரியில் நிலைமை எப்படி? அங்கே பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷி வேண்டும். 1746-இல் கனகராய முதலியார் இறந்ததும் யாரைப் போடுவது என்று இழுபறி. இறந்தவரின் தம்பியா, ஆனந்தரங்கப் பிள்ளையா? கிறிஸ்தவர்தான் வர வேண்டும் என்று பாதிரிமார் ஒரு பக்கம் நெருக்கினார்கள். கடைசியில் ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்தது. இந்தக் கதையெல்லாம் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, குடும்பம், மதம், சிபாரிசு, இவைதான் அன்றைய அளவுகோல்.

சரி, வெள்ளைக்காரனை விடுங்கள். நம் முன்னோர் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

திருக்குறளில் இதற்கென்றே அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். 51 தெரிந்துதெளிதல், 52 தெரிந்துவினையாடல். முதலாவது ஆளைத் தேர்ந்தெடுப்பது, இரண்டாவது தேர்ந்தெடுத்தவரை வேலையில் வைத்து நடத்துவது. வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்ததை நான் பாடம் நடத்திய காலத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது. 51-இன் முதல் குறளே நான்கு சோதனைகளைச் சொல்கிறது. அறத்தின் மேல் உள்ள பற்று, பணத்தாசை, இன்ப ஆசை, உயிர்ப்பயம் என்ற நான்கிலும் ஒருவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடு என்பது கருத்து.

இதே நான்கு சோதனைகள் வடமொழியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் உண்டு. பரிமேலழகர் உரையும் அந்த முறையைத்தான் விளக்குகிறது. அரசனே ஏற்பாடு செய்யும் நாடகம் அது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் போல நடிக்கும் சேனாபதி அமைச்சரிடம் வந்து, "பணம் தருகிறேன், அரசனைக் கவிழ்க்கலாம் வா" என்பார். மறுத்தால் அமைச்சர் பணத்தில் தேறினார். இப்படி நான்கு. எதில் தேறினாரோ அதற்கேற்ற வேலை. அறத்தில் தேறியவருக்கு நீதி, பணத்தில் தேறியவருக்குக் கருவூலம். நான்கிலும் தேறியவர் அமைச்சர். நான்கிலும் தோற்றவரைச் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் அனுப்பு என்கிறார் கௌடில்யர். நெய்வேலி நண்பர்கள் என் மேல் கோபிக்க வேண்டாம், சொன்னவர் அவர்!

அவரே ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார். நல்ல தண்ணீரில் விஷம் கலப்பது போல, கெடாத மனத்தைச் சோதிக்கிறேன் என்று நீயே கெடுத்துவிடாதே என்கிறார். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே சோதனையின் தீங்கையும் யோசித்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் உங்களுக்குத் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் பொறித்தவை. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் வெளியேதான் நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. வருங்காலத்தில் எப்படி நடப்பார் என்று ஊகிக்காமல், ஏற்கெனவே எப்படி நடந்தார் என்று பார்த்தார்கள்.

மறுபடி கம்பெனிக்கு வருவோம். அவர்களும் அடிபட்டு அடிபட்டுக் கற்றார்கள்.

1786-இல் வந்த காரன்வாலிஸ் முதலில் சம்பளத்தில் கை வைத்தார். வங்காளத்தில் கலெக்டருக்கு மாதம் 1500 ரூபாய், அதற்கு மேல் வசூலில் ஒரு பங்கு. அதற்குப் பதிலாகச் சொந்த வியாபாரம் கூடாது. ஊழலைக் குறைக்க இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதே காரன்வாலிஸ் உயர்ந்த பதவிகளில் இந்தியர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். நம்மவர்களுக்கு அதே நல்ல சம்பளம் கொடுத்துப் பார்க்கவே இல்லை, நேர்மை இல்லை என்று மட்டும் முடிவு கட்டினார்கள்.

லண்டனில் சிபாரிசு தொடர்ந்தது. 1809-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, எழுத்தர் நியமனங்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலை போனது வெளிவந்தது. வேலைக்குக் காசு கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைக்காதீர்கள்!

அடுத்தது பயிற்சி. 1806-இல் இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரி. 1812-இல் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அதை நடத்தியவர் எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவர். புதிதாக வந்த வெள்ளைக்காரப் பையன்கள் தமிழும் தெலுங்கும் படித்துத் தேர்வில் தேற வேண்டும். 1826-இல் பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையில் தந்த தாண்டவராய முதலியார் அங்கே தமிழாசிரியர். தன் வேலைக்குரிய மக்களின் மொழியே தெரியாதவன் எப்படி வேலை செய்வான் என்பது கம்பெனிக்கு உறைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியாக வந்தது பரீட்சை. 1853 சட்டம் சிபாரிசை ஒழித்தது. 1855-இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு. 1863-இல் தேறிய முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரரின் அண்ணன். ஆனால் தேர்வு லண்டனில் மட்டும். கப்பல் காசு இருக்க வேண்டும். உச்ச வயதையும் 1878-இல் 19 ஆகக் குறைத்தார்கள். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், தேர்வு மண்டபத்துக்கு வந்து சேரும் வழிதான் ஒன்றில்லை. இந்தியாவிலும் அந்தத் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் மாகாணத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1924-இல் நீதிக்கட்சி ஆட்சியில் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 1929-இல் சட்டம் இயற்றி மாகாண அளவில் இந்தியாவின் முதல் பணியாளர் தேர்வாணையத்தை அமைத்தது சென்னை மாகாணம்தான். இன்று நம் பிள்ளைகள் எழுதும் டிஎன்பிஎஸ்சி அதன் வாரிசு.

இனி மாணவன் கேட்ட சைக்கோமெட்ரிக் சோதனைக்கு வருகிறேன். உளஅளவைத் தேர்வு என்று நம் பாடநூலில் இருந்தது.

1905-இல் பிரான்சில் ஆல்பிரட் பினே என்பவர் சைமனோடு சேர்ந்து ஓர் அளவைத் தயாரித்தார். பயிற்சியில் படித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் நினைவிருக்கும். வகுப்பில் பின்தங்கும் குழந்தைக்குக் கூடுதல் உதவி கொடுப்பதற்காக அவர் செய்தது அது. யாரையும் வெளியே தள்ளுவதற்காகச் செய்யவில்லை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது அது ஆள் எடுக்கும் கருவியாயிற்று. படிக்கத் தெரிந்தவருக்கு ஆல்பா, தெரியாதவருக்கு பீட்டா என்று சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தார்கள். பின்னர் அந்த மதிப்பெண்ணை வைத்து இன்ன நாட்டவர் மூளை மட்டம் என்று புத்தகம் எழுதியவர்களும் உண்டு.

இந்தியாவில் 1943-இல் டேராடூனில் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இந்த முறை வந்தது. இன்றைய எஸ்எஸ்பி அதன் தொடர்ச்சி. நம் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய் ஐந்து நாள் தங்கி வருகிறார்களே, அதுதான். படத்தைப் பார்த்துக் கதை எழுத வேண்டும். பன்னிரண்டு கதை, அதில் ஒன்றுக்கு வெற்றுத் தாள்தான் படம். ஒரு சொல்லைக் காட்டி 15 நொடியில் வாக்கியம் எழுதச் சொல்வார்கள், 60 சொல். 30 நிமிஷத்தில் 60 சூழ்நிலைக்குப் பதில். இதைப் பார்ப்பவர் உளவியலாளர். இன்னொருவர் மைதானத்தில் குழுவாகத் தடை தாண்டும்போது கவனிப்பார். மூன்றாமவர் நேர்காணல் செய்வார். கடைசி நாளில்தான் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். தாளை மட்டும் நம்பி யாரையும் எடுப்பதில்லை.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கும் உளச்சோதனை உண்டு. நினைவாற்றல், சொன்னபடி செய்தல், தூரத்தை மதிப்பிடுதல், கவனம், கண் வேகம் என்று ஐந்து. ஒவ்வொன்றிலும் தேற வேண்டும், யாருக்கும் சலுகை இல்லை. நியாயம்தானே? முதுநகர் சந்திப்பில் நின்று பாருங்கள். சிக்னலைக் கண் தவறவிட்டால் பின்னால் ஆயிரம் உயிர். இங்கே சோதனை அந்த வேலையை அப்படியே அளக்கிறது.

வேலைக்குச் சம்பந்தமில்லாததை அளந்தால்? அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின்நிறுவனம், கறுப்பினத்தவரைக் கூலி வேலையோடு நிறுத்தி வைத்திருந்தது. இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965-இல் நடைமுறைக்கு வந்த அன்றே, நல்ல வேலைக்குப் பொது அறிவுத் திறன் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே அந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்த வெள்ளையர் பலர் அந்தச் சோதனை எழுதியதே இல்லை. 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேலைக்குத் தொடர்பு காட்ட முடியாத சோதனை செல்லாது என்றது.

தூரம் போவானேன். 2012 ஜூலையில் நம் மாநிலத்தில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. தமிழ்நாட்டில் படித்தவர் எல்லோரும் மக்கா? 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்ததும் தேர்ச்சி பல மடங்கு கூடியது. முதல் தேர்வு பெரும்பாலும் வேகத்தைத்தான் அளந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேகமா வேண்டும்?

இன்னொன்று. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை கம்பெனிகளில் பிரபலம். அதை விற்கும் நிறுவனமே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உளவியலாளர்கள் சொல்வதும் எளிமையானது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணலும், அந்த வேலையையே கொஞ்சம் செய்து காட்டச் சொல்வதும் நல்ல பலன் தருகின்றன. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது அநேகமாக ஒன்றுக்கும் உதவாது.

எனக்கே ஓர் அனுபவம். ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர் ஒருவரை எடுக்க மூவர் குழு போட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினோம். கணீரென்று பேசிய இளைஞரை எடுத்தோம். "குரலே எழும்பலையே" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினோம். இளைஞர் மூன்று மாதத்தில் சொல்லாமல் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணையே கூப்பிட்டோம். எழுத்துக்கூட்டத் தெரியாத ஏழெட்டுப் பிள்ளைகளை அந்த வருஷமே வாசிக்க வைத்தார். அன்று இருவரையும் வகுப்பில் கால் மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் முகம் வாடித் திரும்பிப் போனது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

இது வரை தெரிந்துதெளிதல். இனி தெரிந்துவினையாடல்.

1913-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, வருஷத்தில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேர் ஓடினார்கள். 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். ஓட்டம் சட்டென்று குறைந்தது. வீட்டுக்கே ஆள் அனுப்பி ஒழுக்கம் விசாரித்தது அதில் இருந்த அசிங்கம். ஆனாலும் கிளைவின் வருஷத்துக்கு 5 பவுண்டையும் ஃபோர்டின் நாளைக்கு 5 டாலரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆட்கள் சாதாரண மனிதர்கள்தான்.

எத்தனை பேரை எடுப்பது என்பதும் கணக்கில் சேரும். சிதம்பரம் நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் விழுந்து, 2013-இல் அரசு சட்டம் இயற்றி அதை ஏற்றது. தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பிறகு வேறு துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாற்றினார்கள். ஊர் விட்டு ஊர் போன அந்தக் குடும்பங்களின் கஷ்டம் நமக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து மாணவன் வந்தான். சோதனையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை நான். ஒரு தாளைக் கொடுத்து, "போன ஒம்பது பேரு பேரையும், எந்த மாசம் போனாங்கன்னும் எழுதுப்பா" என்றேன்.

எழுதினான். ஏழு பேருக்கு ஏப்ரல் கடைசி, மே, ஜூன். எழுதி முடித்துத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு ஓடாது, வியாபாரம் இல்லை. அந்த இரண்டு மாதமும் இவன் அரைச் சம்பளம்தான் கொடுத்திருக்கிறான். அவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிருக்கிறார்கள். போனவர்கள் ஏன் திரும்பி வருவார்கள்? கல்லாவில் கை வைத்த பையனும் அந்த மே மாதத்தில்தான் வைத்திருக்கிறான். திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அரைச் சம்பளம், ராத்திரி கணக்குப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. செயின்ட் டேவிட் கோட்டையில் நடந்தது என்னவோ அதுவேதான்.

நான் சொன்னது இவ்வளவுதான். புது ஆளை எடுக்கும்போது என்ன வேலை என்று முதலில் எழுதி வை. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேள். மூன்று நாள் பட்டறையில் வேலை செய்யச் சொல், அந்த மூன்று நாளுக்கும் கூலி கொடு. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரி. கல்லாவை ராத்திரி இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும். தடைக்காலத்தில்தான் எல்லாப் படகும் கரையில் கிடக்கிறது, இன்ஜின் பிரித்து வேலை பார்க்க அதைவிட நல்ல நேரம் ஏது? முன்கூட்டியே படகுக்காரர்களிடம் பேசி வேலை பிடி, முழுச் சம்பளம் கொடு. அதெல்லாம் செய்த பிறகும் ஆள் நிற்கவில்லை என்றால் அப்போது அந்தச் சோதனையை வாங்கலாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப பரீட்சை எனக்குத்தான் வைக்கணும்ங்கிறீங்களா டீச்சர்?" என்று சிரித்தான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சோதனைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டானாம். கையில் இருக்கும் ஆட்களிடம் அடுத்த தடைக்காலத்துக்கு முழுச் சம்பளம் என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டான். ஜூன் 15-ஆம் தேதி பட்டறைக்குப் போய் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உங்களில் கடை, பட்டறை, பள்ளி, மருத்துவமனை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எப்படி ஆள் எடுக்கிறீர்கள்? விட்டுப் போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தகவலில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.


கடலூர் முதுநகரிலிருந்து, உங்கள் டீச்சர்.